ஐந்தரைக்கு மேல் ஒரு குன்று: காரைக்குடிக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு

வால்பாறையில் நான்கு வருடம் வங்கி வேலையில் இருந்தேன். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும். "கொடுத்து வைத்தவன், தினமும் மலையேறுவாய்" என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குவார்ட்டர்ஸை விட்டு வெளியே கால் வைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தேயிலைக்குள் சிறுத்தை படுத்திருக்கும். பக்கத்தில் யானை நிற்கிறது என்று சாலையோரச் சிவப்பு விளக்கு எரியும். கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்ப்பதுதான் எங்கள் மலை வாழ்க்கை.

காரைக்குடிக்கு மாற்றல் வந்தபோது "அங்கே மலையே கிடையாதே" என்று வருத்தப்பட்டேன். வந்து ஆறு மாதம் ஆவதற்குள், மலைக்குள் குடியிருந்தபோது கிடைக்காத சாயங்காலம் இந்தப் பொட்டல் காட்டில்தான் கிடைக்கிறது என்று தெரிந்துபோனது.

செட்டிநாட்டில் மலைத்தொடர் இல்லை. செம்மண் பூமியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாறைக் குன்றுகள் எழும்பி நிற்கும். நடுவில் கண்மாய், முந்திரித் தோப்பு, தைல மரக் காடு. யானை இல்லை, சிறுத்தை இல்லை. வேலை முடிந்து கிளம்பி, ஏறி இறங்கி, டீ குடித்துவிட்டு ஏழரைக்கு வீட்டில் இருக்கலாம். அழகப்பா பல்கலைக்கழகத்துக்கோ, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கோ, என்னைப் போல ஏதோ ஒரு வங்கிக் கிளைக்கோ புதிதாக வந்து, ஆறு மணிக்கு மேல் போனைப் பார்த்துக்கொண்டு அறையில் படுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: வெளிச்சத்தைக் கணக்குப் போடுவது

எங்கே போகலாம் என்பதைச் சூரியன்தான் முடிவு செய்யும். ஜூலைத் தொடக்கத்தில் இங்கே ஏறக்குறைய 6.40க்குச் சூரியன் மறையும். நவம்பர் கடைசியில் 5.50க்கே மறைந்துவிடும். ஐம்பது நிமிட வித்தியாசம். வேலைக்குப் போகிறவனுக்கு அந்த ஐம்பது நிமிடம்தான் ஒரு மலை. மறைந்த பிறகும் சுமார் இருபது நிமிடம் கால் வைக்கும் இடம் தெரியும். அதற்குப் பிறகு பாறையும் பள்ளமும் ஒரே நிறம்.

அதனால் பின்னாலிருந்து எண்ணுங்கள். அஸ்தமன நேரத்தைப் போனில் பாருங்கள். படிக்கட்டு இல்லாத வெறும் பாறை என்றால், அஸ்தமனத்துக்குப் பத்து நிமிடம் முன்பே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். அதிலிருந்து ஏறும் நேரத்தையும் வண்டி ஓட்டும் நேரத்தையும் கழியுங்கள். வருகிற விடை நீங்கள் அலுவலகத்தைவிட்டுக் கிளம்பும் நேரத்துக்கு முந்தியது என்றால் அந்த இடம் இன்றைக்கு இல்லை. "வேகமாகப் போனால் பிடித்துவிடலாம்" என்று தோன்றும். தோன்றினால் அன்றைக்குக் கண்மாய்க் கரைக்குப் போங்கள்.

ஜூன் மாதத்து உதாரணம் ஒன்று. 5.30க்குக் கிளம்புகிறீர்கள். குன்றக்குடி முருகன் கோயில் மலை பத்து கிலோமீட்டர், டிராஃபிக்கோடு இருபத்தைந்து நிமிடம். வண்டியை நிறுத்தி, செருப்பை விட்டு, மேலே போக இருபது நிமிடம். 6.15. உச்சியில் உட்கார இன்னும் இருபது நிமிடம் சொச்சம் வெளிச்சம் இருக்கிறது. இதையே நவம்பரில் செய்தால் பாதிப் படியிலேயே இருட்டிவிடும். ஆனால் குன்றக்குடியில் படிக்கட்டும் விளக்கும் ஆள் நடமாட்டமும் இருப்பதால் பரவாயில்லை. வேறு குன்றில் அப்படி இருக்காது.

முதல் மாதம் குன்றக்குடி மட்டும்

புதிதாக வருபவர்கள் எடுத்தவுடன் பிரான்மலை, சித்தன்னவாசல் என்று பட்டியல் போடுகிறார்கள். வேண்டாம். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் குன்றக்குடி ஏறுங்கள். முட்டிக்குப் பழகும், மூச்சுக்குப் பழகும், ஊருக்கும் நீங்கள் பழகுவீர்கள்.

மேலே சண்முகநாதர். மலைக்கு மயில் வடிவம் என்பார்கள். அடிவாரத்தில் பாண்டியர் காலக் குடைவரைகள் இருக்கின்றன. படியேறும் அவசரத்தில் பாதிப் பேர் அவற்றைப் பார்ப்பதே இல்லை. மருது சகோதரர்கள் சிலையாக நிற்பதையும் தேடிப் பாருங்கள். பெரிய மருதுவுக்கு வந்த ராஜபிளவை என்ற பெருங்கட்டி இந்த முருகன் திருநீற்றால்தான் ஆறியது என்று ஊரில் கதை சொல்வார்கள். மதியம் நடை சாத்தி மாலையில் திறப்பதால் நம் நேரத்துக்கு ஒத்துவரும். கோயில் மலை என்பதால் அடிவாரத்திலேயே செருப்பு. ஏப்ரல், மே மாதங்களில் ஐந்தரை மணிக்கும் கல் சுடும். இரண்டு படிக்கு ஒரு குதி குதித்துக்கொண்டு மேலே போவீர்கள். ஆறு மணிக்கு மேல் ஏறுவதுதான் அந்த மாதங்களுக்குச் சரி.

குரங்குகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் வாரம் வழியில் ஒரு கடையில் வெள்ளைப் பணியாரம் வாங்கிக்கொண்டு, மேலே உட்கார்ந்து சாப்பிடும் ஆசையில் பாலித்தீன் பையைக் கையில் தொங்கவிட்டபடி ஏறினேன். எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. பை போய்விட்டது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஒவ்வொரு பணியாரமாக எடுத்துப் பிய்த்துத் தின்றது. கடைசியில் காரச் சட்னிப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு என் காலடியில் போட்டுவிட்டுப் போனது. தின்பண்டத்தை வண்டிப் பெட்டியில் பூட்டிவிட்டு ஏறுங்கள். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனம்.

பங்குனி உத்திரத்துக்குக் காவடிக் கூட்டம் நெரியும். தை மாதம் பழனிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரை இந்த வழியாகத்தான் போகும். அந்த நாட்களில் இருட்டிய பிறகும் சாலையோரம் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு பத்து கிலோமீட்டர் கூட நடந்து பாருங்கள்.

பையில் என்ன வேண்டும்

அலுவலகப் பையிலேயே அடங்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர், சின்ன டார்ச், ஒரு பழைய டிஷர்ட், கடலை மிட்டாய், ஒரு துண்டு. துண்டு பல வேலைக்கு ஆகும்: வியர்வைக்கு, சுடுகிற பாறையில் விரித்து உட்கார, கோயிலுக்குள் தோளில் போட. போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். போட்டோ எடுத்தே பாதி சார்ஜ் போயிருக்கும். காலுக்கு, கழற்றி மாட்டச் சுலபமான, பிடிப்புள்ள ரப்பர் அடிச் செருப்பு போதும். கோயில் குன்றுகளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து ட்ரெக்கிங் ஷூ வாங்கிவிட்டு, அதை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறி, ஷூ இருக்குமோ இருக்காதோ என்ற கவலையோடே இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

வண்டிக்கு ட்யூப்லெஸ் டயர் நல்லது. கண்மாய்ப் பக்கம் எல்லாம் சீமைக் கருவேல முள். பஞ்சர் ஒட்டுகிறவர் ஒருவரின் நம்பரை முதல் வாரமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திருமயம்: நேரம் தவறினால் பூட்டுதான்

புதுக்கோட்டைச் சாலையில் இருபது கிலோமீட்டர். 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை. ஊமைத்துரையோடு சேர்த்து ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். மொத்தக் குன்றும் ஒரே பாறை. மேலே பீரங்கி நிற்கும் மேட்டில் ஏறினால் சுற்றிலும் கண்மாய்கள் தட்டுத் தட்டாக மின்னும். பாதி ஏற்றத்தில் பாறையைக் குடைந்து ஒரு சிவலிங்க அறை இருக்கிறது. அங்கே காற்று ஒரு தனி குணத்தில் வீசும்.

ஆனால் இது தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு உண்டு, சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். நான் முதல் தடவை போனது 5.40க்கு. கோட்டைச் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கு வெளியே நின்று டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். அரை நாள் பர்மிஷன் போட்ட அன்றைக்கு மூன்றரை மணிக்குள் போவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாகிவிட்டால் வீணாகத் திரும்ப வேண்டாம். குன்றின் அடியிலேயே சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைக் கோயில்கள். பள்ளிகொண்ட பெருமாளை அரை இருட்டில் விளக்கொளியில் பார்ப்பதற்கு சாயங்காலம்தான் நல்ல நேரம். வெளியே வந்தால் சாலையோரம் கோட்டை பைரவர். லாரிக்காரர்கள் வண்டியை ஓரம்கட்டித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போவார்கள். நானும் இப்போது அப்படித்தான்.

வெறும் பாறை ஏறக் கற்றுக்கொள்வது

படிக்கட்டு பழகிய பிறகு திருக்கோளக்குடி. வீடு வீடாக உருண்டைப் பாறைகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்க, இடுக்கில் கோயில் அடுக்கடுக்காக மேலே போகும். காரைக்குடியிலிருந்து முக்கால் மணி நேரமாவது ஆகும் என்பதால் கோடைகாலத்து நீண்ட சாயங்காலத்துக்கு மட்டும்தான் கணக்குச் சரிவரும்.

பாறை ஏறும் விதம் ஒன்று இருக்கிறது. முழுப் பாதமும் பாறையில் படிய வேண்டும். பயத்தில் நுனிக்காலில் நின்றால் வழுக்கும். இறங்கும்போது உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேன்ட் கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். கறுப்பாகக் கோடு விழுந்திருக்கும் இடம் மழைத்தண்ணீர் ஓடும் தடம். காய்ந்திருந்தால் சாதாரணக் கல், ஈரமாக இருந்தால் எண்ணெய் ஊற்றியது போல. ஏறும்போது அடிக்கடி திரும்பிப் பார்த்து, இறங்கும் வழி எப்படித் தெரியும் என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏறுகிறவன் பார்க்கும் பாறையும் இறங்குகிறவன் பார்க்கும் பாறையும் வேறு வேறு.

பாறை விளிம்பில் பாய் சுருட்டினது போலக் கறுப்பாகத் தொங்குவது மலைத்தேனீக் கூடு. அதன் அருகே புகை கூடாது, கல்லெறியக் கூடாது, சத்தமும் வேண்டாம். நண்பர்கள் கூட்டத்தில் எப்போதும் ஒருவன் கல்லெடுப்பான். அவனை அடுத்த தடவை கூட்டி வராதீர்கள்.

களைத்த நாளுக்குக் கண்மாய்க் கரை

எல்லா நாளும் ஏற முடியாது. உங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் நிச்சயம் ஒரு கண்மாய் இருக்கும். மழை முடிந்து தை, மாசியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது கரையில் ஒரு மணி நேரம் நடப்பதற்கு ஈடில்லை. நாரையும் கொக்கும் கூடு திரும்பும். மயில்கள் பனை மட்டையில் ஏறி உட்கார இடம் தேடி அகவும்.

இங்கேதான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. வால்பாறையில் வாங்கிய ஹெட்லேம்பை நெற்றியில் கட்டிக்கொண்டு ஒரு நாள் ஏழு மணிக்குக் கரையில் நடந்து வந்தேன். எதிரில் டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று நின்றது. ஐம்பது வயது இருக்கும், தோளில் துண்டு.

"யாரு, எங்கிட்டிருந்து வர்றீக?"

"காரைக்குடிண்ணே. பேங்க்ல வேலை. சும்மா நடக்க வந்தேன்."

"நடக்க வந்தீகளா?" அவர் என் நெற்றியையே பார்த்தார். "நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு வந்தா முயல் வேட்டைக்கு வந்தவன்னுதான் நெனைப்பாக. அதை அவுத்துட்டு டார்ச்சைக் கையில பிடிங்க தம்பி."

அவிழ்த்தேன். வண்டியைத் திருப்பி மெதுவாக என்கூடவே கரை முடியும்வரை வந்தார். "மடைப் பக்கம் மட்டும் போயிராதீக. மேல தண்ணி சும்மா கெடக்குற மாதிரி இருக்கும், அடியில இழுக்கும்." அன்றைக்கு அவர் சொன்ன இரண்டையும் இங்கே வரும் எல்லோருக்கும் அப்படியே சொல்கிறேன். கண்மாயில் குளிக்க ஆசைப்பட வேண்டாம். மண் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று ஊர்க்காரர்களுக்கே தெரியாது.

பொங்கலுக்குப் பிறகு சில மாதம் இன்னொரு சங்கதி. இது மஞ்சுவிரட்டு பூமி. தையில் சிராவயல், மாசி மகத்துக்கு அரளிப்பாறை என்று தொடங்கி ஊர் ஊராக நடக்கும். தொழுவுக்கு வெளியே வயலிலும் கண்மாய்ப் பொட்டலிலும் கட்டுமாடுகளை அவிழ்த்துவிடுவார்கள். எந்த ஊரில் என்றைக்கு என்று டீக்கடையில் விசாரித்துவிட்டு, அந்தப் பக்கம் நடைக்குப் போகாதீர்கள். பார்க்கவே போவதென்றால் அரளிப்பாறைதான். ஜனங்கள் பாறை மேலேயே உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஊருணி வேறு, கண்மாய் வேறு. படித்துறை கட்டிய குடிநீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது, செருப்போடு படியில் இறங்கவும் கூடாது. கோயில்காடு என்று சொன்னால் ஒரு குச்சியும் ஒடிக்கக் கூடாது. அய்யனார் கோயிலில் மண் குதிரைகள் உடைந்து கிடந்தாலும் எடுத்து வரக் கூடாது. அவை நேர்த்திக்கடனுக்குப் புரவி எடுத்து வைத்தவை. இங்கே கோயிலுக்கோ தர்காவுக்கோ வனத்துறைக்கோ ஊருக்கோ சொந்தமில்லாத மேடு என்று எதுவுமே கிடையாது. அடிவாரத்தில் இருப்பவரிடம் "மேலே போகலாமாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனால், இருட்டிய பிறகும் வண்டி நின்றால் அவரே தேடி வருவார்.

பெண்களுக்கு: எங்கள் கிளையில் இரண்டு பேர் சேர்ந்து போகிறார்கள். சாயங்காலத்துக்குக் குன்றக்குடி, இல்லாவிட்டால் கானாடுகாத்தான் வரை சைக்கிள். ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் அந்தப் பெரிய வீடுகளுக்கு நடுவே சாயங்கால வெயிலில் சைக்கிள் ஓட்டுவது மலையேற்றத்துக்குக் குறைந்ததில்லை என்கிறார்கள். ஆளில்லாத கண்மாய்க் கரையை விடிகாலைக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

பாம்பும் இடியும்

நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் நான்கும் இந்த மண்ணில் உண்டு. கல்லிடுக்கில் கை விடாதீர்கள், டார்ச் இல்லாமல் புல்லில் கால் வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டும் போக வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். கட்டு விரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. அதனால் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடக் கூடாது.

இடியைத்தான் வெளியூர்க்காரர்கள் அலட்சியம் செய்கிறார்கள். சித்திரை, வைகாசியில் நாள் முழுக்கப் புழுங்கிவிட்டு சரியாக நாம் கிளம்பும் நேரத்தில் கோடை மழை கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடிச் சத்தம் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இறங்கிவிடுங்கள். மொட்டைப் பாறையில் அந்த வட்டாரத்துக்கே உயரமான பொருள் நீங்கள்தான். தனிப் பனை மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள்.

வேலை நாளில் போகக் கூடாத இரண்டு

பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலை சிங்கம்புணரிக்கு அந்தப் பக்கம். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல், ஏற ஒன்றரை மணி நேரம். வேலை முடிந்து இதை முயற்சி செய்தவர்கள் இருட்டில் போன் வெளிச்சத்தில் இறங்கிய கதையை வீரம் போலச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அடிவாரத்தில் இருங்கள். ஒன்பது மணிக்கு வெயில் ஏறுவதற்குள் கீழே வந்துவிடலாம்.

இன்னொன்று வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், திருப்பத்தூர் தாண்டி மதுரைச் சாலையில். 1977இல் சரணாலயமானது. பறவைகள் மிரளும் என்று கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஜனங்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. சிக்கல் என்னவென்றால் பறவைகள் நிறைய இருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நமக்கு சாயங்காலம் சீக்கிரமே இருட்டும் காலம். 5.30க்குக் கிளம்பினால் இறக்கைச் சத்தம்தான் கேட்கும். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்புங்கள். மழை பொய்த்த வருடம் கண்மாயில் தண்ணீர் இருக்காது, பறவையும் வராது, விசாரித்துவிட்டுப் போகவும்.

திரும்பி வந்ததும்

வண்டியை எப்போதும் சாலையைப் பார்த்தபடி நிறுத்துங்கள், சாவியை ஒரே பாக்கெட்டில் போடுங்கள். இருட்டில் தேட வேண்டியிருக்காது. கிளம்பும்போது யாரிடம் சொல்லிவிட்டு வந்தீர்களோ அவருக்கு, இறங்கியதும் "இறங்கியாச்சு" என்று ஒரு மெசேஜ். வழியில் டீயும் மசாலைச் சீயமும்.

வீட்டுக்கு வந்தவுடன் உள்ளே போய்விடாதீர்கள். பேன்ட் ஓரம் முழுக்க நாயுருவி விதை ஒட்டியிருக்கும், செருப்படியில் செம்மண் அப்பியிருக்கும். நான் குடியிருப்பது பழைய வீட்டின் ஒரு பகுதியில். தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு விதையாகப் பிய்க்க எனக்குப் பத்து நிமிடம் ஆகும். வீட்டுக்கார ஆச்சி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். "இன்னைக்கு எந்த மலைப்பா?" என்று கேட்பார்கள். குன்றக்குடி என்றால் திருநீறு கேட்டுக் கை நீட்டுவார்கள். கண்மாய் என்றால், "காலைக் கழுவிட்டு வா" என்பதோடு சரி.